லண்டனுக்கு அனுப்பப்பட்டவர்கள்

1920-இல் லண்டனில் இந்தியாவுக்கென்று முதன்முதலாக ஒரு ஹை கமிஷனர் நியமிக்கப்பட்டார். அப்போது இந்தியா சுதந்திர நாடாக இல்லை. டெல்லியில் வைஸ்ராய், அவருக்கு மேலே லண்டனில் பிரிட்டிஷ் அமைச்சரவையைச் சேர்ந்த இந்தியா மந்திரி என்று இருந்தது ஆட்சி. ஆளப்படும் நாட்டுக்கு ஆளும் நாட்டின் தலைநகரில் ஓர் அலுவலகம் எதற்கு என்ற கேள்விக்குப் பணக் கணக்கில்தான் விடை இருக்கிறது.

1858-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சி பிரிட்டிஷ் அரசுக்கு மாறியதிலிருந்து, லண்டனில் இந்தியா மந்திரி நடத்திய இந்தியா அலுவலகத்தின் செலவு முழுவதையும் இந்திய வருவாயே சுமந்தது. மந்திரியின் சம்பளம், குமாஸ்தாக்களின் சம்பளம், கட்டடம், எல்லாம் இந்தியர்கள் கட்டிய வரி. 1867-இல் துருக்கி சுல்தான் லண்டனுக்கு வந்தபோது அந்த அலுவலகத்தில் நடந்த ஆடம்பர விருந்தின் செலவுகூட இந்தியாவின் கணக்கில்தான் எழுதப்பட்டது. தாதாபாய் நவ்ரோஜி முதலானோர் பல ஆண்டுகள் எழுப்பிய கண்டனத்துக்குப் பிறகு, 1919-இன் இந்திய அரசுச் சட்டம் இதில் ஒரு மாற்றம் செய்தது. மந்திரியின் சம்பளத்தை இனி பிரிட்டிஷ் கருவூலம் கொடுக்கும். இந்தியாவுக்கான கொள்முதல், வணிகத் தகவல், மாணவர் நலன் போன்ற அன்றாட வேலைகள் இந்திய அரசின் கீழ் இயங்கும் தனி அதிகாரியிடம் போகும். அந்த அதிகாரிதான் ஹை கமிஷனர்.

அவரிடம் அரசியல் அதிகாரம் எதுவும் இல்லை. ரயில்வேக்கு இன்ஜின், தந்தித் துறைக்குக் கம்பி, படைக்குத் தளவாடம் என்று டெல்லி கேட்பதை வாங்கி அனுப்புவார். பாரிஸ்டர் படிப்புக்கும் ஐ.சி.எஸ். தேர்வுக்கும் கப்பலேறி வரும் இந்திய மாணவர்களைக் கவனிப்பார். விடுமுறையில் ஊர் திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகளுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்வார். முதலில் அமர்ந்தவர் சர் வில்லியம் மேயர் என்ற ஆங்கிலேயர். சென்னை மாகாணத்தில் பணியைத் தொடங்கி வைஸ்ராயின் நிர்வாக சபையில் நிதி உறுப்பினராக உயர்ந்தவர். 1922-இல் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

அவருக்குப் பின் வந்த தாதிபா தலால் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். பம்பாய்ப் பங்குச்சந்தையிலிருந்து வந்த பார்சிக்காரர். 1919-இல் இந்திய நாணயம் குறித்து அமைக்கப்பட்ட பாபிங்டன் ஸ்மித் குழுவில் அவர் ஒருவர்தான் இந்தியர். ரூபாயின் மதிப்பை இரண்டு ஷில்லிங் என்று உயர்த்தி நிறுத்தலாம் என மற்றவர்கள் எழுதியபோது, அது நிற்காது, இந்திய ஏற்றுமதியாளர்களை நாசமாக்கும் என்று தனியாக மறுப்புக் குறிப்பு எழுதியவர். அரசு பெரும்பான்மை சொன்னதைக் கேட்டது. ஓரிரு ஆண்டுக்குள் அந்த விகிதம் சரிந்து விழுந்தது. கணக்குத் தெரிந்த, எதிர்த்துப் பேசவும் தெரிந்த ஒருவர் கொள்முதல் அலுவலகத்துக்கு வந்தது நல்ல தேர்வு.

1925 முதல் 1931 வரை இருந்த சர் அதுல் சந்திர சாட்டர்ஜி இந்தப் பதவிக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். ஐ.சி.எஸ். அதிகாரியான அவர் 1927-இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அவர் காலத்தில் லண்டனின் ஆல்டுவிச் பகுதியில் ‘இந்தியா ஹவுஸ்’ எழுந்தது. வரைந்தவர் சர் ஹெர்பர்ட் பேக்கர். புது டெல்லியின் தலைமைச் செயலகக் கட்டடங்கள் அவர் வரைந்தவை. வெளிச் சுவரில் சென்னை உள்ளிட்ட இந்திய மாகாணங்களின் சின்னங்கள் வட்ட வட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே சுவரோவியம் தீட்ட ரணதா உகில், தீரேந்திர கிருஷ்ண தேவ் வர்மன், லலித் மோகன் சென், சுதாம்சு சேகர் சௌத்ரி என்ற நான்கு வங்காள ஓவியர்கள் அழைத்து வரப்பட்டார்கள். 1930 ஜூலை 8 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கட்டடத்தைத் திறந்து வைத்தார். அன்று காந்தி எரவாடா சிறையில் இருந்தார். உப்புச் சத்தியாகிரகத்தில் கைதானவர்களால் நாடெங்கும் சிறைகள் நிரம்பி வழிந்தன.

இதே பெயரில் லண்டனில் இதற்கு முன்பு இன்னொரு வீடு இருந்தது. ஷியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905-இல் ஹைகேட் பகுதியில் மாணவர் விடுதியாகத் தொடங்கிய அந்த இந்தியா ஹவுஸில்தான் வ.வே.சு. ஐயரும் சாவர்க்கரும் தி.சே.சௌ. ராஜனும் இருந்தார்கள். போலீஸ் கண்காணிப்பில் அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆல்டுவிச் மாளிகைக்கும் அதற்கும் பெயரைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு.

சாட்டர்ஜிக்குப் பின் சர் பூபேந்திரநாத் மித்ரா. 1936 முதல் 1941 வரை சர் ஃபிரோஸ் கான் நூன். 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்காமலேயே இந்தியா போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தபோது லண்டனில் இருந்தவர் நூன்தான். பிற்காலத்தில், 1957-இல், அவர் பாகிஸ்தானின் பிரதமரானார். அவரை அடுத்து வங்காளத்தின் அஜீசுல் ஹக் சிறிது காலம் இருந்தார்.

ஆங்கிலேய ஆட்சியின் கடைசி ஹை கமிஷனர் ஒரு தமிழர்: சர் சாமுவேல் ரங்கநாதன். கல்வித்துறையைச் சேர்ந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1943 முதல் 1947 வரை, போரின் பிற்பாதியும் அதிகார மாற்றத்தின் பேச்சுவார்த்தைகளும் நடந்த ஆண்டுகளில், அவர் இந்தியா ஹவுஸில் இருந்தார். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தைகள் அவர் வழியாக நடக்கவில்லை. கிரிப்ஸ் இடம்பெற்ற பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு நேராக இந்தியாவுக்கே வந்து காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைவர்களிடம் பேசியது. அவர் ஏறிய படி உயரமானது. அதில் நின்று பேச அவருக்கு உரிமை தரப்படவில்லை. பதவியின் வரம்பு அன்று அவ்வளவுதான்.

1947 ஆகஸ்டில் அந்த வரம்பு உடைந்தது. பதவியின் பெயர் மட்டும் மாறாமல் நின்றது. மற்ற நாடுகளுக்கு அனுப்புகிறவரைப் போல லண்டனுக்கு அனுப்புகிறவரை அம்பாசடர் என்று அழைக்காததற்குக் காரணம் முடியாட்சியின் தர்க்கம். ஒரு நாட்டின் அரசுத் தலைவர் இன்னொரு நாட்டின் அரசுத் தலைவருக்கு அனுப்புகிறவர் அம்பாசடர். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் ஒரே மன்னர் என்பதால், மன்னர் தனக்குத்தானே தூதர் அனுப்ப முடியாது என்று கருதப்பட்டது. அதனால் 1880-இல் கனடா லண்டனுக்கு அனுப்பியவருக்கு ஹை கமிஷனர் என்ற பட்டம் தரப்பட்டது. மற்ற நாடுகள் பின்பற்றின. வெறும் பட்டச் சிக்கலாக இது நிற்கவில்லை. அன்று ஹை கமிஷனர்கள் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தோடு பேச மாட்டார்கள், காமன்வெல்த் உறவு அலுவலகத்தோடுதான் பேசுவார்கள். விருந்து வரிசையில் சின்னஞ்சிறு நாட்டு அம்பாசடருக்கும் பின்னால்தான் அவர்களுக்கு இடம். 1948-இல்தான் சமமான இடம் கிடைத்தது. அம்பாசடர்களுக்கு உரிய சட்டப் பாதுகாப்பு 1952-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் வந்தது. இப்போது நியமனக் கடிதத்தைக் கொடுக்க அரண்மனைக்குப் போகும்போது அம்பாசடரின் வண்டியில் இரண்டு குதிரைகளும் காமன்வெல்த் ஹை கமிஷனரின் வண்டியில் நான்கு குதிரைகளும் பூட்டுவது வழக்கம்.

சுதந்திர இந்தியாவின் முதல் ஹை கமிஷனராக நேரு தேர்ந்தெடுத்தவர் வி.கே. கிருஷ்ண மேனன். பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குப் பிடிக்காத தேர்வு அது. மலபாரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அன்னி பெசன்டின் தியசாபிகல் இயக்கம் வழியாக 1924-இல் லண்டன் போன மேனன், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கே இந்தியா லீக் என்ற அமைப்பை நடத்தி, தொழிற்சங்கக் கூட்டங்களிலும் தெருமுனைகளிலும் இந்திய விடுதலைக்காக ஆங்கிலேயர்களிடம் ஆங்கிலத்தில் வாதாடியவர். செயின்ட் பாங்க்ராஸ் பகுதி மக்கள் அவரைத் தங்கள் உள்ளாட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆலன் லேன் தொடங்கிய பெலிகன் நூல்வரிசைக்கு அவர் முதல் பதிப்பாசிரியர்களில் ஒருவர். உளவுத்துறை அவரை ஆண்டுக்கணக்கில் கண்காணித்து வந்தது. அவரைச் சுற்றி கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள், அவரிடம் ரகசியத் தகவல்களைப் பகிரக்கூடாது என்ற எண்ணம் ஹை கமிஷனரான பிறகும் தொடர்ந்ததை, பின்னாளில் வெளியிடப்பட்ட பிரிட்டிஷ் கோப்புகள் காட்டுகின்றன. கண்காணிக்கப்பட்டவரையே அரசாங்கத்தின் பிரதிநிதியாக ஏற்க வேண்டியிருந்தது என்பதிலேயே அதிகாரம் கைமாறியது தெரிந்தது.

கென்சிங்டன் பாலஸ் கார்டன்ஸ் தெருவில் ஹை கமிஷனருக்கென்று மாளிகை இருந்தும் மேனன் அங்கே வசிக்கவில்லை. இந்தியா ஹவுஸிலேயே ஒரு சிறு அறையில் படுத்துக்கொண்டு, தேநீரை மட்டும் குடித்துக்கொண்டு, நள்ளிரவு வரை வேலை பார்த்தார். கோபக்காரர், ஊழியர்களை வாட்டி எடுத்தார். ஆனாலும் அந்த ஐந்து ஆண்டுகளில் அந்த அலுவலகத்தின் முன் இருந்த வேலைகள் பின்னால் வந்த யாருக்கும் வாய்க்காதவை.

முதல் வேலை கடன். போர்க்காலத்தில் இந்தியாவிலிருந்து எடுத்த பொருளுக்கும் படைச் செலவுக்கும் பிரிட்டன் உடனே பணம் தராமல் லண்டன் கணக்கில் வரவு வைத்தது. 1947-இல் பிரிட்டன் இந்தியாவுக்குத் தரவேண்டிய தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. ஆண்ட நாடு கடனாளி, விடுதலை பெற்ற நாடு கடன் கொடுத்தவர். அந்தப் பணத்தை எத்தனை ஆண்டுகளில், எந்தத் தவணையில் விடுவிப்பது என்று நடந்த பேச்சுகளில் 1948-இல் இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்துச் சென்றவர் கோயம்புத்தூர்க்காரரான நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

இரண்டாவது, குடியரசுப் பிரச்சினை. 1950-இல் மன்னரை நீக்கிவிட்டுக் குடியரசாகப் போகும் இந்தியா, மன்னரையே பொதுத் தலைவராகக் கொண்ட காமன்வெல்த்தில் எப்படி இருக்க முடியும்? அயர்லாந்து அப்போதுதான் வெளியேறியிருந்தது. 1949 ஏப்ரலில் லண்டனில் கூடிய பிரதமர்கள் ஒரு வழி கண்டார்கள்: இந்தியா மன்னருக்கு விசுவாசம் காட்ட வேண்டியதில்லை, சுதந்திர நாடுகளின் கூட்டுறவுக்கு அடையாளமாக, காமன்வெல்த்தின் தலைவராக மட்டும் அவரை ஏற்றுக்கொள்ளும். இந்தச் சொற்களை வடிக்கும் வேலையில் மேனனின் பங்கு பெரிது. பின்னர் குடியரசுகளான ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவும் காமன்வெல்த்தில் நீடித்தது இந்த ஏற்பாட்டின் பலத்தில்தான்.

மூன்றாவது அவருக்குக் கெட்ட பெயர் தேடித் தந்தது. காஷ்மீர்ப் போருக்கு அவசரமாக ஜீப்கள் தேவைப்பட்டபோது, 1948-இல், வழக்கமான கொள்முதல் விதிகளைத் தாண்டி ஒரு சிறு நிறுவனத்தோடு சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. வந்து சேர்ந்த 155 பழைய வண்டிகளை ராணுவம் பயன்படுத்த முடியவில்லை. நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் இது கிளறப்பட்டு, 1955-இல் அரசு விவகாரத்தை மூடியது. சில மாதங்களில் மேனன் மத்திய அமைச்சரானார். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய கொள்முதல் ஊழல் புகார் என்று இது இன்றும் நினைவுகூரப்படுகிறது. மேனன் தனக்காகப் பணம் சேர்த்தார் என்று எவரும் நிரூபிக்கவில்லை. விதியை மீறிய அவசரத்துக்கும், அதைக் கேள்வி கேட்டவர்களை அலட்சியம் செய்ததற்கும் அவர் பொறுப்பேற்றிருக்க வேண்டும்.

மேனனுக்குப் பின் 1952-இல் பம்பாயின் முதலமைச்சராக இருந்த காந்தியவாதி பி.ஜி. கேர் வந்து இரண்டு ஆண்டுகள் இருந்தார். 1954 இறுதியில் விஜயலட்சுமி பண்டிட் வந்தார். பிரதமரின் தங்கை, ஆனால் அந்த உறவைத் தாண்டி அவருக்கென்று தகுதி இருந்தது. 1937-இல் ஐக்கிய மாகாண அமைச்சரானவர், ஆங்கிலேய ஆட்சியில் மூன்று முறை சிறை சென்றவர். கணவர் ரஞ்சித் பண்டிட் சிறையில் நோயுற்று, விடுதலையான சிறிது காலத்தில் 1944-இல் இறந்தார். மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் இந்தியத் தூதராக இருந்து, 1953-இல் ஐ.நா. பொதுச்சபையின் முதல் பெண் தலைவராகவும் ஆனவர். அவர் லண்டனில் இறங்கியபோது பிரதமர் நாற்காலியில் இருந்தவர், இந்திய விடுதலையைக் கடைசிவரை எதிர்த்த சர்ச்சில்.

அவருக்கு வந்த பெரிய சோதனை 1956-இன் சூயஸ் போர். எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும், பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு சேர்ந்து அதைத் தாக்கின. நேரு வெளிப்படையாகக் கண்டித்தார். இந்தியா காமன்வெல்த்தை விட்டு விலக வேண்டும் என்று நாட்டில் குரல்கள் எழுந்தன. கண்டனத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், உறவு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் ஒரே ஆளின் வேலையாக இருந்தது. போதாததற்கு, சூயஸ் பேச்சுகளுக்கு நேருவின் தனித்தூதராக லண்டனுக்கு வந்து போனவர் முன்னாள் ஹை கமிஷனர் மேனன். ஒரே நகரத்தில் இந்தியாவுக்கு இரண்டு குரல்கள் இருந்தன. உறவு அறுபடவில்லை. இந்தியா விலகவும் இல்லை.

பண்டிட் ஏறக்குறைய ஏழு ஆண்டு இருந்தார்.  1961-இன் தொடக்கத்தில் எலிசபெத் ராணி இந்தியாவுக்கு வந்து சென்னை உள்ளிட்ட நகரங்களைச் சுற்றிப் பார்த்தார். அதே ஆண்டு மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில் பண்டிட் ஒரு போர்க்கப்பலை இந்தியக் கடற்படையில் சேர்த்து வைத்தார். பிரிட்டிஷ் கடற்படைக்காக ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயரில் கட்டத் தொடங்கி, உலகப் போர் முடிந்ததால் பாதியில் நின்ற அந்த விமானம் தாங்கிக் கப்பலை 1957-இல் இந்தியா வாங்கி முடிக்கச் செய்திருந்தது. அதுதான் விக்ராந்த். பத்து ஆண்டு கழித்து வங்கதேசப் போரில் அதன் பெயர் வீடுதோறும் தெரிந்தது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புலப்படும். வெளியுறவுப் பணியில் வளர்ந்த தொழில்முறைத் தூதர் ஒருவர்கூட அதுவரை வரவில்லை. போராளி, முதலமைச்சர், பிரதமரின் தங்கை. அடுத்த முப்பது ஆண்டுகளிலும் பெரும்பாலும் இப்படித்தான். பழக்கப்பட்ட எதிராளியின் வீட்டுக்கு, அவனை நன்கு அறிந்த தன் ஆளையே அனுப்ப டெல்லி விரும்பியது. லண்டன் வெறும் வெளிநாட்டுத் தலைநகரமாக டெல்லிக்குத் தோன்ற வெகுகாலம் பிடித்தது.

1962-இல் வந்த எம்.சி. சாக்ளா பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவர் வந்த ஆண்டில்தான் பிரிட்டன் காமன்வெல்த் குடியேற்றச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதுவரை இந்தியர் பிரிட்டனுக்குப் போய்க் குடியேறத் தடை இல்லை. அதன்பின் வேலை வவுச்சர் தேவைப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் சீனப் படையெடுப்பு. பிரிட்டன் ஆயுதம் தந்தது. காந்திக்கு வைத்தியம் பார்த்தவரும் குஜராத்தின் முதல் முதலமைச்சருமான டாக்டர் ஜீவராஜ் மேத்தா அடுத்து வந்தார். 1965 செப்டம்பரில் இந்தியப் படை லாகூர் எல்லையைத் தாண்டியதும் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன் இந்தியாவை மட்டும் குறை சொல்லி அறிக்கை விட்டார். அதற்கு முன் காஷ்மீரில் பாகிஸ்தான் செய்த ஊடுருவலைப் பற்றி அதில் வருத்தம் தெரிவிக்கும் சொல் இல்லை. இந்தியாவில் எழுந்த கோபம் சாதாரணமானதல்ல. அந்த ஆண்டு ஜூனில் கட்ச் எல்லைத் தகராறில் சமரசம் செய்து வைத்த பிரிட்டனுக்கு இந்தத் தடவை இடமில்லாமல் போயிற்று. பேச்சு சோவியத் மண்ணில், தாஷ்கண்டில் நடந்தது. துணைக்கண்டத்தின் சண்டையில் நடுவர் என்ற பிரிட்டனின் பழைய இடம் அத்தோடு முடிந்தது.

அறுபதுகளின் இறுதியில் இந்தியா ஹவுஸின் கவலை ஆப்பிரிக்கா பக்கம் திரும்பியது. கென்யாவில் வாழ்ந்த, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த இந்திய வம்சாவளியினரை உள்ளே விடாமலிருக்க 1968-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மூன்றே நாளில் ஒரு சட்டம் போட்டது. அவர்கள் பிரிட்டன் பொறுப்பு என்பது இந்தியாவின் நிலை. அது நியாயமான நிலைதான். 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை விரட்டியபோது பிரிட்டன் சுமார் 28,000 பேரை ஏற்றுக்கொண்டது. அப்போது ஹை கமிஷனர் அப்பா பந்த். ஔந்த் சமஸ்தானத்து இளவரசர், முன்பு நைரோபியில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர். பாகிஸ்தான் சிறையிலிருந்து விடுதலையான வங்கதேசத் தலைவர் ஷேக் முஜிபுர் ரகுமான் 1972 ஜனவரி 8 அன்று லண்டனில் வந்து இறங்கியபோது, டெல்லிக்கும் அவருக்கும் இடையே முதல் தொடர்பாக இருந்ததும் பந்த்தின் அலுவலகம்.

1973 பிப்ரவரி 20 அன்று பாகிஸ்தானிய இளைஞர்கள் மூவர் இந்தியா ஹவுஸுக்குள் புகுந்து ஊழியர்களைப் பணயமாகப் பிடித்தார்கள். போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர். அவர்களிடம் இருந்தவை பொம்மைத் துப்பாக்கிகள் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஆண்டு பதவியேற்ற பி.கே. நேரு முன்னாள் ஐ.சி.எஸ். அதிகாரி, நேரு குடும்பத்தவர், வாஷிங்டனில் தூதராக இருந்தவர். 1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், தலைவர்கள் சிறையிலும் பத்திரிகைகள் தணிக்கையிலும் இருக்க, அதை லண்டனில் நியாயப்படுத்தும் வேலை அவருக்கு வந்தது. அதைச் செய்தார். ஜனநாயகத்துக்காக வெள்ளையரோடு போராடிய நாட்டின் பிரதிநிதி, ஜனநாயகத்தை நிறுத்தி வைத்ததற்கு அதே வெள்ளையரிடம் காரணம் சொல்ல நேர்ந்தது இந்தப் பதவியின் வரலாற்றில் மிகவும் வேதனையான கட்டம். 1977-இல் ஜனதா அரசு வந்ததும் புனேயின் சோஷலிஸ்ட் தலைவர் என்.ஜி. கோரேயை அனுப்பியது. கோவா விடுதலைக்காகப் போர்த்துகீசியச் சிறையில் இருந்தவர் அவர்.

எண்பதுகளில் வன்முறை மீண்டும் தூதரகத்தைத் தொட்டது. 1984 பிப்ரவரி 3 அன்று பர்மிங்காமில் பணியாற்றிய இந்தியத் தூதரக அதிகாரி ரவீந்திர மாத்ரே கடத்தப்பட்டார். டெல்லியில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த மக்பூல் பட்டை விடுவிக்கச் சொல்லிக் காஷ்மீர்ப் பிரிவினைவாதிகள் செய்த கடத்தல் அது. இரண்டு நாளில் மாத்ரே கொல்லப்பட்டார். பிப்ரவரி 11 அன்று மக்பூல் பட் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டு பொற்கோவில் ராணுவ நடவடிக்கைக்கும் இந்திரா காந்தி கொலைக்கும் பிறகு, பிரிட்டனில் இயங்கிய காலிஸ்தான் குழுக்களை அந்த அரசு கட்டுப்படுத்தவில்லை என்பது இந்தியாவின் ஓயாத புகாரானது.

அந்தச் சூழலில் 1985-இல் லண்டன் சென்றவர் பி.சி. அலெக்சாண்டர். இந்திரா காந்தியின் முதன்மைச் செயலர். தன் அலுவலக ஊழியர்கள் உளவு வழக்கில் சிக்கியதும் பொறுப்பேற்றுப் பதவி விலகியவர். லண்டனிலிருந்து திரும்பியதும் 1988-இல் தமிழ்நாட்டு ஆளுநரானார். அவர் லண்டனில் இருந்த காலத்தில்தான் பிரிட்டிஷ் உதவிப் பணத்தில் 21 வெஸ்ட்லாண்ட் ஹெலிகாப்டர்களை இந்தியா வாங்கியது. தள்ளாடிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தைக் காப்பாற்ற மார்கரெட் தாட்சரின் அரசு இந்தியாவை வற்புறுத்தி விற்ற சரக்கு அது. விபத்துகளுக்குப் பிறகு அவை பறக்காமல் ஒதுக்கப்பட்டன. உதவி என்ற பெயரில் வருவது யாருக்கு உதவி என்பதை இந்தக் கணக்கு தெளிவாகவே காட்டியது.

1990-இல் வி.பி. சிங் அரசு பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரை அனுப்பியது. நெருக்கடி நிலையில் சிறையில் இருந்த அவர் சில மாதங்களே இருந்தார்; அரசு மாறியதும் திரும்பினார். அடுத்த ஆண்டு வந்த சட்ட அறிஞர் எல்.எம். சிங்வி ஆறு ஆண்டுக்கும் மேல் நிலைத்தார். 1992-இல் இரு நாடுகளும் குற்றவாளிகளை ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வங்கிப் பணத்தோடு லண்டனுக்குப் போய்விட்டவர்கள் மீதான இன்றைய வழக்குகள் நடப்பது இதன் அடிப்படையில்தான். அதே ஆண்டு மேஃபேர் பகுதியில் நேரு மையம் என்ற கலாசார மையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ராஜாஜியின் பேரன் கோபாலகிருஷ்ண காந்தி. வெளிநாடு வாழ் இந்தியர்கள் இந்தியாவுக்குப் பாரம் அல்ல, பலம் என்று சிங்வி லண்டனில் கண்டது பிற்காலத்தில் கொள்கையானது. அவர் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படிதான் ஜனவரி 9 வெளிநாடு வாழ் இந்தியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

சிங்வியோடு அரசியல் நியமனங்களின் காலம் ஏறக்குறைய முடிந்தது. சல்மான் ஹைதர், லலித் மான்சிங், ரோனன் சென், கமலேஷ் சர்மா, நளின் சூரி, ரஞ்சன் மத்தாய் என்று வெளியுறவுப் பணி அதிகாரிகளே பெரும்பாலும் வந்தார்கள். கமலேஷ் சர்மா 2008-இல் அங்கிருந்தே காமன்வெல்த்தின் பொதுச்செயலாளர் பதவிக்குப் போனார். மத்தாய் இருந்தபோது, 2015 மார்ச்சில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் காந்தியின் சிலை திறக்கப்பட்டது. காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்று இகழ்ந்த சர்ச்சிலின் சிலையும் அதே சதுக்கத்தில் இருக்கிறது. 2018-இல் ருச்சி கன்ஷியாம் பொறுப்பேற்றபோது, விஜயலட்சுமி பண்டிட் போய் 57 ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாவது பெண் அந்தப் பதவிக்கு வந்தார். அவரை அடுத்து 2020-இல் காயத்ரி இஸ்ஸர் குமார். இடையில் இத்தனை நீண்ட இடைவெளி விழுந்ததற்கு எந்த நல்ல காரணமும் சொல்ல முடியாது.

2022-இல் விக்ரம் துரைசாமி பதவியேற்ற சில வாரங்களில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ரிஷி சுனக் பிரிட்டனின் பிரதமரானார். 2023 மார்ச் 19 அன்று காலிஸ்தான் ஆதரவாளர்கள் இந்தியா ஹவுஸின் மாடத்தில் ஏறி தேசியக் கொடியை இறக்கினார்கள். காவல் ஏன் இல்லை என்று இந்தியா கடுமையாகக் கேட்டது. சில நாளில் கட்டடத்தின் முகப்பில் முன்னதைவிடப் பெரிய கொடி ஒன்று தொங்கவிடப்பட்டது. டெல்லியில் பிரிட்டிஷ் ஹை கமிஷனின் முன்னிருந்த தடுப்புகள் அகற்றப்பட்டன.

இப்போது அந்த அலுவலகத்தின் வேலையில் பெரும்பகுதி வணிகமும் மக்களும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் இந்திய வம்சாவளியினர் 18 லட்சத்துக்கும் அதிகம் என்கிறது 2021-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நீண்ட பேச்சுகளுக்குப் பிறகு 2025 ஜூலை 24 அன்று இரு நாடுகளும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜவுளி, தோல் பொருள் உள்ளிட்ட இந்திய ஏற்றுமதியில் பெரும்பாலானவற்றுக்குப் பிரிட்டன் சுங்கம் நீக்கும். விஸ்கி, கார் மீதான வரியை இந்தியா படிப்படியாகக் குறைக்கும். திருப்பூர்ப் பின்னலாடைக்கும் ஆம்பூர்த் தோலுக்கும் இதில் நேரடி அக்கறை உண்டு. பர்மிங்காம், எடின்பரோவில் ஏற்கனவே இருந்த துணைத் தூதரகங்களோடு, அந்த ஆண்டு மார்ச்சில் மான்செஸ்டரிலும் பெல்ஃபாஸ்ட்டிலும் புதிதாக இரண்டு திறக்கப்பட்டன.